பூர்வகுடிகளுக்கு அரசு இன்னும் ஏன் பணம் கட்டுகிறது?

கேள்வியை முதலில் என் வார்த்தையில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன், புதிதாக வாசிக்க வருபவர்களுக்கும் உதவும். கேட்டவர் சிங்கப்பூரில் ஈசூன்காரர். மகன் நியூசிலாந்தில், ஹாமில்டன் ஊரில், வைக்காட்டோ பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். மாவோரி மக்களுக்கு அரசு மில்லியன் கணக்கில் இழப்பீடு கொடுப்பதாக மகன் சொல்லியிருக்கிறான். கனடா, ஆஸ்திரேலியா செய்திகளும் கண்ணில் பட்டிருக்கின்றன. அதன்பிறகு அவர் கேட்டது இது: ‘இருநூறு வருடத்துக்கு முன்னால் யாரோ செய்த தப்புக்கு இன்றைக்கு வரி கட்டுகிறவன் ஏன் அழ வேண்டும்? நாளைக்கு என் மகன் அங்கேயே குடியேறினால் அவன் வரியும் இதற்குத்தானே போகும்? எங்கள் பாட்டன் கங்காணி பின்னால் கப்பலேறி வந்து பால்மரம் வெட்டியே செத்தார். எங்களுக்கு யார் என்ன கொடுத்தார்கள்? இது ஓட்டுக்காகச் செய்யும் தானம்தானே? நல்லவேளை, சிங்கப்பூரில் இந்தக் கூத்து இல்லை.’

கோபம் இருக்கிறது, சரி. உள்ளே இருக்கும் கேள்வி நியாயமானது: இது தானமா, கடனா? கடன் என்றால் எவ்வளவு, எதுவரைக்கும்? இவற்றுக்கெல்லாம் அடியில் இன்னொன்றும் இருக்கிறது, எங்களுக்கு ஏன் இல்லை என்பது. அதையும் தொடாமல் விடமாட்டேன்.

நான் நில மதிப்பீட்டாளன், இப்போது ஓய்வில் இருக்கிறேன். பெரும்பாலும் இங்கே சிங்கப்பூரில்தான் வேலை பார்த்தேன். நடுவில் சில வருடம் வைக்காட்டோ வட்டாரத்தில் ஒரு தனியார் மதிப்பீட்டு நிறுவனத்தில் இருந்தேன். சட்டம் என் தொழில் இல்லை. தீர்ப்புகளைக் கையில் எடுத்தால்கூட, விலை எப்படிப் போட்டார்கள் என்ற பக்கத்துக்குத்தான் முதலில் போவேன். அந்தக் கண்ணோடு எழுதும் பதில் இது.

உங்கள் மகன் உட்கார்ந்திருக்கும் வகுப்பறையிலிருந்தே ஆரம்பிக்கலாம். 1840-இல் வைத்தாங்கியில் மாவோரித் தலைவர்களோடு போட்ட ஒப்பந்தத்தில், அவர்கள் நிலம் அவர்கள் விரும்பும்வரை அவர்களுடையதே என்று பிரிட்டிஷ் முடியரசு வாக்குக் கொடுத்தது. 23 வருடம் கழித்து அதே முடியரசின் படை வைக்காட்டோவுக்குள் புகுந்தது. எதிர்த்தவர்களைக் கலகக்காரர்கள் என்று சொல்லி, அதற்கென்றே ஒரு சட்டமும் போட்டு, ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கரைப் பிடுங்கினார்கள். கலகத்தில் சேராதவர்களின் நிலமும் சேர்ந்தே போனது. இது பின்னால் வந்தவர்கள் கற்பித்துச் சொல்லும் கதை இல்லை. 1920களின் கடைசியில் அரசே அமைத்த விசாரணைக் குழு, வைக்காட்டோவில் பறித்தது அளவுக்கு மீறியது என்று எழுதி வைத்தது. 1946-இல் வருடத்துக்குச் சில ஆயிரம் பவுண்டு கொடுத்து முடித்துக்கொள்ளப் பார்த்தார்கள். முடியவில்லை. 1995-இல் 170 மில்லியன் நியூசிலாந்து டாலர் மதிப்பில், நிலமும் பணமுமாக, ஒரு தீர்வு வந்தது. மன்னிப்பு வாசகத்தையும் சட்டத்துக்குள்ளேயே எழுதினார்கள். எலிசபெத் அரசியார் வெலிங்டனில் அந்தச் சட்டத்தில் தம் கையாலேயே கையெழுத்திட்டார். வழக்கமாகத் தலைமை ஆளுநர் போடுகிற கையெழுத்து அது.

அப்போது திரும்பிய நிலங்களில் பல்கலைக்கழக வளாகத்தின் நிலமும் ஒன்று. யாரையும் காலி செய்யச் சொல்லவில்லை. நிலம் வைக்காட்டோ வட்டாரத்து மாவோரிக் குழுவான டைனூயி மக்களுடையது, கட்டடமும் படிப்பும் பல்கலைக்கழகத்துடையது, நிலத்துக்குக் குத்தகை வாடகை உண்டு. ஊரின் வடக்கே தெராப்பா பக்கம் பழைய விமானப்படைத் தளம் இருந்தது. அதுவும் திரும்பியது. அதன்மேல் டைனூயி நிறுவனமே ஒரு பெரிய கடைத்தொகுதியைக் கட்டியது. சனிக்கிழமை உங்கள் மகன் சாமான் வாங்கப் போகும் இடமாகக்கூட அது இருக்கலாம். நான் அங்கே வேலைக்குச் சேர்ந்த புதிதில் சக ஊழியர் ஒருவர், ‘எல்லாவற்றையும் அவர்களிடம் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள்’ என்று புலம்பிக்கொண்டே இருப்பார். வரைபடத்தை விரித்து எது திரும்பியது என்று பார்த்தால், அரசின் கையில் அப்போது மிச்சமிருந்த நிலம் மட்டும்தான். தனியார் வீட்டிலோ பண்ணையிலோ ஓர் அடிகூட எடுக்கவில்லை. தனியார் நிலத்தைத் திருப்பித் தரச் சொல்லி, ஒப்பந்த மீறல் புகார்களை விசாரிக்கும் வைத்தாங்கி தீர்ப்பாயம் பரிந்துரைக்கவே கூடாது என்று 1993-இல் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் கைக்குப் போன நிலம் போனதுதான்.

தொகைக்கு வருவோம். 170 மில்லியன் என்று கேட்டால் மலைப்பாக இருக்கும். பறிபோன நிலத்தின் மதிப்பு 12 பில்லியன் டாலர் என்பது டைனூயி தரப்பின் கணக்கு. அதில் பாதிதான் உண்மை என்று வைத்துக்கொண்டாலும், கிடைத்தது நூற்றுக்கு மூன்றைத் தொடவில்லை. நாடு முழுவதும் எல்லா மாவோரிக் குழுக்களுக்கும் முப்பது வருடத்தில் போன தீர்வுத் தொகை இரண்டு பில்லியனுக்கு மேலே. அந்த நாடு முதியோர் ஓய்வூதியத்துக்கு ஒரே வருடத்தில் 20 பில்லியனுக்கு மேல் செலவழிக்கிறது. வரிப்பணம் எல்லாம் அங்கேதான் கொட்டுகிறது என்று சொல்பவர்கள் இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில்லை. தொழில்முறையில் சொல்கிறேன், இந்த விகிதத்தில் இழப்பீடு தருகிறேன் என்று யாராவது என் வாடிக்கையாளரிடம் வந்திருந்தால், கையெழுத்துப் போடாதீர்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். அவர்கள் போட்டார்கள். தலைவர்களுக்கு வயதாகிக்கொண்டிருந்தது, வழக்கை இன்னொரு தலைமுறைக்குத் தள்ள மனமில்லை.

மதிப்பீடு எப்படி நடக்கிறது என்பதற்குக் கையடக்கமான உதாரணம் ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. வடக்குப் பிரதேசத்தில் டிம்பர் கிரீக் என்று ஒரு குட்டி ஊர். அங்கே சாலை, குடியிருப்பு, பொதுக் கட்டடம் என்று அரசு செய்த காரியங்களால், பூர்வகுடி நில உரிமை 127 ஹெக்டரில் பாதிக்கப்பட்டது. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் கடைசிக் கணக்கைப் போட்டது. நிலத்தின் பொருளாதார மதிப்புக்கு 3,20,250 ஆஸ்திரேலிய டாலர். காலதாமதத்துக்கு வட்டி 9,10,100. மண்ணோடு இருந்த உறவு அறுந்ததற்கு 13 லட்சம். மொத்தம் 25 லட்சத்துச் சொச்சம். நிலத்தின் விலை இந்த மூன்றிலும் சிறியது என்பதைக் கவனியுங்கள். அதுவும் முழுச் சொந்தத்துக்கு என்ன விலையோ அதில் பாதிதான், ஏனென்றால் அவர்களிடம் இருந்தது மற்றவர்களை முழுதாக விலக்கிவைக்கும் உரிமை இல்லை என்று நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. வட்டி நிலத்தைப் போல் மூன்று மடங்கு. இத்தனைக்கும் கூட்டுவட்டி கேட்டார்கள், கிடைக்கவில்லை. தனிவட்டிதான். ‘பழைய கதைக்கு இவ்வளவா’ என்று நாம் வாய்பிளக்கும் தொகைகளில் ஒரு பெரிய பங்கு, இத்தனை வருடம் இழுத்தடித்ததற்கான வட்டி. அன்றைக்கே கொடுத்திருந்தால் சின்னத் தொகையோடு போயிருக்கும்.

அந்தக் கணக்கில் முதல் இரண்டு தொகையையும் எந்த மதிப்பீட்டாளரும் போடலாம். அடிப்படையை ஒப்புக்கொண்டால் மற்றது கூட்டல் பெருக்கல். மூன்றாவது தொகை அப்படி இல்லை. கோயில் மேட்டைத் தோண்டியதற்கு என்ன விலை என்று கேட்டால் சந்தையில் விலைப்பட்டியல் கிடையாது. நீதிபதிகள் அந்த மக்களை மண்ணிலேயே நின்று பேச வைத்துக் கேட்டு, சமூகம் நியாயம் என்று ஒப்பும் ஒரு தொகையைச் சொன்னார்கள். 13 லட்சம் சரி என்றும் நிரூபிக்க முடியாது, தப்பு என்றும் முடியாது. இந்த விவாதத்தில் நேர்மையாகச் சந்தேகப்பட இடமுள்ள பகுதி எது என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். பணமே வேண்டாம் என்று சொன்னவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் பிளாக் ஹில்ஸ் மலைப்பகுதியை 1868 ஒப்பந்தத்தில் சூ என்ற பூர்வகுடி மக்களுக்கு என்று எழுதிக்கொடுத்துவிட்டு, தங்கம் கிடைத்ததும் 1877-இல் எடுத்துக்கொண்டார்கள். 1980-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அது தவறு என்று சொல்லி, அன்றைய விலை 17.1 மில்லியன் டாலர், அதன்மேல் வட்டி என்று நூறு மில்லியனுக்கு மேல் கொடுக்கச் சொன்னது. அவர்கள் வாங்கவில்லை. மலையைக் கொடு என்கிறார்கள். அரசுக் கணக்கில் கிடக்கும் அந்தப் பணம் ஒரு பில்லியனைத் தாண்டிவிட்டது. அவர்கள் வாழும் ஒதுக்கிடங்கள் (பூர்வகுடிகளுக்கென்று அரசு ஒதுக்கிய நிலப்பகுதிகள்) சில அமெரிக்காவிலேயே பரம ஏழைப் பகுதிகள். ஓட்டுக்கான தானம் என்ற விளக்கம் இங்கே பொருந்தாது.

‘இருநூறு வருடத்துக்கு முன்னால்’ என்று நீங்கள் எழுதியது எல்லாவற்றுக்கும் பொருந்தவில்லை. கனடாவின் மிகப் பெரிய தீர்வு 23.34 பில்லியன் கனடிய டாலர், 2023 அக்டோபரில் அங்குள்ள கூட்டரசு நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்தது. அது 1991-க்குப் பிறகு நடந்ததற்கான கணக்கு. ஒதுக்கிடங்களில் வாழும் பூர்வகுடிப் பிள்ளைகளின் நலச் சேவைக்கு, மற்றக் குழந்தைகளுக்குச் செலவழித்ததைவிட அரசு குறைவாகவே கொடுத்து வந்தது. வீட்டிலேயே வைத்து உதவப் பணமில்லை, ஆனால் பிள்ளையைப் பிரித்து வளர்ப்பு இல்லத்தில் விடப் பணம் வந்தது. 2007-இல் சிண்டி பிளாக்ஸ்டாக் என்பவரின் அமைப்பு மனித உரிமை ஆணையத்திடம் புகார் கொடுத்தது. 2016-இல் மனித உரிமைத் தீர்ப்பாயத்தில் இது பாகுபாடு என்று தீர்ப்பு. 2019-இல் ஆளுக்கு 40,000 டாலர் என்று உத்தரவு. அரசு ஒவ்வொரு கட்டத்திலும் எதிர்த்து வாதாடிப் பார்த்துவிட்டுத்தான் பேச்சுக்கு வந்தது. பாதிக்கப்பட்டவர்களில் பலருக்கு உங்கள் மகன் வயதுதான் இருக்கும்.

அப்புறம் கனடாவிலேயே ஒரு நான்கு டாலர் கதை. எனக்கு மிகவும் பிடித்தது, காகிதம் இருக்கிற கடன் என்பதால். 1850-இல் ஹியூரன் ஏரியின் வடகரையில் இருந்த மக்கள் பெரும் நிலப்பரப்பை முடியரசுக்கு விட்டுக்கொடுத்தார்கள். பதிலுக்கு ஆண்டுத் தொகை. நிலம் நல்ல வருமானம் தந்தால் அந்தத் தொகையையும் உயர்த்துவோம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. 1875-இல் தலைக்கு நான்கு டாலராக்கினார்கள். அதோடு சரி. அந்த மண்ணிலிருந்து மரம் போனது, நிக்கல் போனது, செம்பு போனது, ரயில்பாதை வந்தது. ஆண்டுத் தொகை மட்டும் 2020களிலும் அதே நான்கு டாலர். 2023-இல் பத்து பில்லியன் டாலர் கொடுத்துப் பழைய பாக்கியைத் தீர்க்க ஒப்புக்கொண்டார்கள், மத்திய அரசு பாதி, ஒன்டாரியோ மாநில அரசு பாதி. அடுத்த வருடமே கனடாவின் உச்ச நீதிமன்றம், முடியரசு இந்த ஒப்பந்தத்தைக் கண்ணியமற்ற முறையில் மீறியது என்று எழுதியது. உங்கள் வீட்டு வாடகை ஒப்பந்தத்தில் இப்படி ஒரு வரி இருந்து, குடியிருப்பவர் 148 வருடம் பழைய வாடகையே கொடுத்திருந்தால், பாக்கியைக் கேட்பதற்குத் தானம் என்று பெயர் வைக்கமாட்டீர்கள்.

‘செய்தவன் செத்துப்போனான்’ என்ற வாதம் மனிதருக்கு எடுபடும். அரசு விஷயத்தில் எடுபடாது. 1833-இல் பிரிட்டன் அடிமை முறையை ஒழித்தபோது 20 மில்லியன் பவுண்டு இழப்பீடு ஒதுக்கியது. அடிமைகளுக்கு இல்லை, அவர்களை வைத்திருந்த முதலாளிகளுக்கு. அதற்காக வாங்கிய கடனின் கடைசி மிச்சத்தைப் பிரிட்டிஷ் கருவூலம் 2015-இல்தான் அடைத்தது. பிரிட்டனில் வேலை பார்த்த நம்மவர்கள் கட்டிய வரியும் அதற்குப் போயிருக்கிறது. யாரும் முணுமுணுக்கவில்லை, யாருக்கும் தெரியவும் தெரியாது. 180 வருடப் பழைய கடன் பத்திரத்துக்குச் செல்லுபடி உண்டு என்றால் 1840-இல் போட்ட ஒப்பந்தத்துக்கு மட்டும் ஏன் காலாவதி? இன்னொன்று, அந்த அடிமைகள் விடுதலையான கரும்புத் தோட்டங்களுக்குத்தான் முதல் கப்பல்களில் நம் ஆட்களை ஏற்றினார்கள். நாளைக்கு உங்கள் மகன் அங்கே குடியேறினால் சாலையும் மருத்துவமனையும் நல்ல பள்ளிக்கூடமும் அவனுக்குத் தயாராக இருக்கும். அவற்றின் கடனில் ஒரு பங்கும் சேர்ந்தே வரும். அந்த நாட்டின் சொத்துக் கணக்கில் அந்த 12 லட்சம் ஏக்கரும் இருந்ததை மறந்துவிடக் கூடாது.

இனி நம் பக்கம். நாம் குழாயில் பிடிக்கும் தண்ணீருக்கும் இப்படி ஒரு வழக்கு உண்டு. மலேசியாவின் ஜொகூர் ஆற்றிலிருந்து நமக்கு வரும் தண்ணீரை உறுதிப்படுத்த லிங்கியூ நீர்த்தேக்கம் கட்ட 1990-இல் ஒப்பந்தம் ஆனது. நிலத்தின் இழப்புக்குச் சிங்கப்பூர் ஜொகூர் மாநில அரசுக்கு 320 மில்லியன் ரிங்கிட் கொடுத்தது. அதற்குமேல் நிலக் குத்தகைப் பணம் தனி. அந்த 53,000 ஏக்கர் சொச்சக் காட்டில் காலங்காலமாக ஜக்குன் பூர்வகுடி மக்கள் வேட்டையாடி, பிரம்பும் பழமும் எடுத்துப் பிழைத்து வந்தார்கள். அவர்களுக்கு மாநில அரசு கொடுத்தது 5,60,535 ரிங்கிட், பழ மரங்களுக்கும் பயிருக்கும் என்று. அடோங் பின் குவாவ் என்பவரும் மற்றவர்களும் வழக்குப் போட்டார்கள். 1996-இல் ஜொகூர் பாரு உயர் நீதிமன்றம், அந்தக் காட்டில் வாழ்ந்து பிழைக்கும் உரிமையே ஒரு சொத்து, அதற்குப் போதுமான இழப்பீடு இல்லாமல் எடுக்க மலேசிய அரசமைப்புச் சட்டம் இடம் தராது என்று சொல்லி 26.5 மில்லியன் ரிங்கிட் கொடுக்க உத்தரவிட்டது. மேல்முறையீட்டிலும் அது நின்றது. சிங்கப்பூர் தன் பங்கைக் கொடுத்துவிட்டது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பணம் ஓர் அரசிடமிருந்து இன்னோர் அரசுக்குப் போனது. காட்டுக்குள் இருந்தவர்கள் கைக்கு வர ஒரு நீதிபதி தேவைப்பட்டார்.

பழ மரங்களுக்கு என்று வாசித்தபோது எனக்குச் சிரிப்பும் வரவில்லை, ஆச்சரியமும் வரவில்லை. இங்கே கம்பம் என்கிற கிராமக் குடியிருப்புகளைக் காலி செய்த காலத்தில் நாங்களும் அதைத்தான் செய்தோம். கையில் அட்டை, அதில் பட்டியல். தென்னை எத்தனை, ரம்புத்தான் காய்க்கிறதா கன்றா, கோழிக்கூடு பலகையா தகரமா, கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் உண்டா. வீட்டுக்காரர் பின்னாலேயே வருவார். ‘இந்த மரத்தை விட்டுவிட்டீர்களே’ என்று கையைப் பிடித்து இழுத்துக் காட்டுவார். எண்ணக் கூடியதை எண்ணுவோம். எண்ண முடியாததற்குப் பட்டியலில் வரி இருக்காது. நம் நிலக் கையகப்படுத்தல் சட்டமும் வெகுகாலம் கறாராகத்தான் இருந்தது. 1973 நவம்பர் 30-ஆம் தேதி விலையை உச்சவரம்பாக வைத்துக்கொண்டு பல வருடம் ஓட்டினார்கள். அப்புறம் அந்தத் தேதியை மூன்று முறை தள்ளி வைத்து, 2007-இல்தான் முழுச் சந்தை விலைக்கு வந்தார்கள். அதில் நிலம் இழந்த குடும்பங்களிடம் போய் இருபது வருடம் முன்னால் நடந்ததை மறந்துவிடுங்கள் என்று சொல்லிப் பாருங்கள்.

விமர்சகர்கள் சொல்வதில் உண்மையும் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். முதலாவது, பணம் யார் கையில் போகிறது என்பது. டைனூயி ஆரம்ப வருடங்களில் ஒரு ரக்பி லீக் அணியை வாங்கி நன்றாகக் கையைச் சுட்டுக்கொண்டது. சாதாரண மக்கள் கேட்ட கேள்விகள் கூட்டங்களில் சூடாகவே இருந்தன. பிறகு நிலத்தை விற்காமல் வாடகைக்கு விடும் வழியில் தேறினார்கள். தெற்குத் தீவின் இங்காய் தாகு மக்கள் 1998-இல் அதே 170 மில்லியனில் தொடங்கி இன்று பில்லியனைத் தாண்டிய சொத்து வைத்திருக்கிறார்கள். ஆனால் சொத்து சங்கத்திடம் வளர்வதும் ஓக்லாந்து வாடகை வீட்டில் இருக்கும் ஒரு மாவோரிக் குடும்பத்தின் மாதக் கடைசி சுலபமாவதும் ஒன்றில்லை. தீர்வுத் தொகையால் மட்டும் ஆயுளும் படிப்பும் வருமானமும் உயர்ந்தன என்று காட்டுவது கடினம். கூடவே நூறு காரணங்கள் நகர்கின்றன. இரண்டாவது, வழக்கறிஞர்கள். அந்த நான்கு டாலர் வழக்கில் கட்டணம் 510 மில்லியன் டாலர் என்று வந்தபோது, தொகை பெறவேண்டிய பூர்வகுடிச் சமூகங்களில் இரண்டு தாங்களே நீதிமன்றத்துக்குப் போய் எதிர்த்தன. அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது.

மூன்றாவது, ‘இறுதித் தீர்வு என்றார்களே, மறுபடி ஏன் கொடுக்கிறார்கள்?’ என்பது. இதற்குப் பதில் இருக்கிறது, ஆனால் யாரும் விளக்குவதில்லை. 1994-இல் நியூசிலாந்து அரசு மொத்தத்துக்கும் ஒரு பில்லியன்தான் என்று வரம்பு கட்டப் பார்த்தது. மாவோரிகள் கூட்டம் கூட்டமாக நிராகரித்தார்கள். முதலில் கையெழுத்திட வந்த டைனூயிக்கும் இங்காய் தாகுவுக்கும் ஒரு பயம், நாம் குறைவுக்கு முடித்துக்கொண்டு பின்னால் வருபவர்கள் அதிகம் வாங்கினால்? அதனால் மொத்தம் 1994 மதிப்பில் ஒரு பில்லியனைத் தாண்டினால் அந்த மொத்தத்தில் தங்களுக்கு முறையே 17 சதவீதமும் 16.1 சதவீதமும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொண்டார்கள். தாண்டியது. அதனால் மேல்தொகை போகிறது. புதிய கோரிக்கை ஒன்றும் இல்லை. அரசு தரப்பு வழக்கறிஞர்களே ஒப்புக்கொண்ட வரி அது. இதையும் மீறி அரசியலில் உரசல் ஓயவில்லை. வைத்தாங்கி ஒப்பந்தத்தின் கோட்பாடுகளைச் சட்டமாகத் திருத்தி எழுத 2024-இல் ஒரு மசோதா வந்தது, பல்லாயிரம் பேர் தலைநகரை நோக்கி நடந்தார்கள், 2025 ஏப்ரலில் 112-க்கு 11 என்று அது தோற்றது. ஆஸ்திரேலியாவில் நேர் எதிர். பூர்வகுடிகளுக்கு நாடாளுமன்றத்தில் ஓர் ஆலோசனைக் குரல் வேண்டுமா என்று 2023 அக்டோபரில் கேட்டபோது நூற்றுக்கு அறுபது பேர் வேண்டாம் என்றார்கள். அது ஆலோசனைக் குழு பற்றிய வாக்கெடுப்பு. நில இழப்பீடு நீதிமன்ற வழியில் தொடர்ந்து போய்க்கொண்டுதான் இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொண்டு சண்டை போடுபவர்களை நிறையப் பார்க்கிறேன்.

உங்கள் பாட்டன் விஷயத்துக்கு வருகிறேன். என் தாத்தாவும் தோட்டப்புறம்தான், லயத்து வாழ்க்கையை நீங்கள் எனக்குச் சொல்லத் தேவையில்லை. ஒப்பந்தக் கூலி முறை மலாயாவில் 1910-இல் முடிந்தது, கங்காணி வழி ஆள் பிடிப்பது 1938-இல் இந்தியா தடை போடும்வரை நடந்தது. அநியாயம் நடந்ததில் ஐயமே இல்லை. ஆனால் கணக்கு வழக்காகப் பார்த்தால் அது வேறு வகை. மாவோரிக்கும் ஹியூரன் கரை மக்களுக்கும் மூன்று சேர்ந்து அமைந்தது: எழுதிய வாக்குறுதி, அதை மீறிய அரசு இன்னும் உயிரோடு இருப்பது, கேட்கும் கூட்டம் யார் என்று சந்தேகமில்லாமல் தெரிவது. நம் பக்கத்தில் சம்பளம் கொடுத்தது கம்பெனிகள். தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது அவை கைமாறி, கலைந்து, பெயர் மாறிப் போய்விட்டன. கூட்டமும் மூன்று நாடுகளில் சிதறிவிட்டது. இதனால் நம் இழப்பு சிறியதாகிவிடாது. வழக்குப் போடுவதுதான் கடினம்.

கேட்டால் கிடைக்காது என்றும் சொல்லிவிட முடியாது. இந்த நாடே கேட்டிருக்கிறது. ஜப்பானியர் காலத்துப் படுகொலைகளின் எலும்புக்கூடுகள் 1962-இல் சிக்லாப் பக்கம் கிடைத்தபோது ஊர் கொதித்தது. 1963-இல் நகர மண்டபத்துக்கு முன்னால் லட்சம் பேர் கூடி ரத்தக் கடனைக் கேட்டார்கள். 1966-இல் ஜப்பான் 50 மில்லியன் வெள்ளிக்கு ஒப்புக்கொண்டது, பாதி மானியம், பாதி கடன். அப்போதும் போதுமா போதாதா என்று சண்டை இருந்தது. பணம் அரசுக்கு வந்தது, குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுக்கவில்லை. ஜப்பானியர் போட்ட சயாம் ரயில்பாதை வேலைக்குப் போய்த் திரும்பாத பல்லாயிரம் தமிழர்களின் பெயர்ப் பட்டியலைக்கூட யாரும் முழுதாக எழுதி வைக்கவில்லை. மாவோரிக்குக் கிடைத்ததைப் பார்த்து எரிச்சல்படுவதைவிட, அவர்கள் எப்படி நூறு வருடம் காகிதத்தைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார்கள் என்று பார்ப்பது நமக்குப் பிரயோஜனம்.

கடைசியாக, சிங்கப்பூரில் இந்தக் கூத்து இல்லை என்றீர்கள். முழுக்க இல்லை என்று சொல்ல முடியாது. மலாய்க்காரர்கள் இந்நாட்டின் பூர்வகுடிகள் என்று நம் அரசமைப்புச் சட்டத்தின் 152-ஆம் பிரிவே சொல்கிறது. ஆனால் அது இழப்பீட்டுப் பிரிவு இல்லை, அரசின் பொறுப்பைச் சொல்வது. இழப்பீட்டுக்குக் கிட்ட வருவது கம்போங் கிளாம் கதைதான். 1824 ஒப்பந்தத்தில் சுல்தான் ஹுசேன் தீவை விட்டுக்கொடுத்ததற்கு 33,200 ஸ்பானிய டாலரும் மாதம் 1,300-உம், தீவை நிர்வகித்த மலாய்த் தலைவரான தெமெங்கோங்குக்கு 26,800-உம் மாதம் 700-உம் என்று எழுதினார்கள். சுல்தானின் வாரிசுகளுக்கு கம்போங் கிளாம் நிலத்தின் வருமானத்தில் பங்கு தர 1904-இல் தனிச் சட்டமே வந்தது. 1999-இல் அரசு அங்கிருந்த சுல்தானின் அரண்மனையை மலாய் மரபுடைமை நிலையமாக்க முடிவெடுத்தபோது, வாரிசுகளுக்கு வருடத்துக்கு 3,50,000 வெள்ளி வீதம் 30 வருடம் என்று ஏற்பாடு செய்தது. அந்த 1824 ஒப்பந்தக் காலத்திலேயே காலாங் ஆற்றின் வாயில் படகிலேயே குடியிருந்த ஓராங் லாவுட் மக்கள் ஜொகூருக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களிடம் யாரும் எதிலும் கையெழுத்து வாங்கவில்லை, அதனால் அவர்கள் பெயரில் பாக்கி என்று ஒரு வரியும் எங்கேயும் இல்லை. சுல்தான் வாரிசுகளின் அந்த 30 வருடம் முடிய இன்னும் அதிக காலம் இல்லை. முடியும்போது இங்கேயும் யாராவது உங்கள் கேள்வியைக் கேட்பார்கள்.